கறுப்பு டி-ஷர்ட்டில் ஏன் இத்தனை சிக்கல்? டிடிஜி அச்சு வேலை செய்யும் விதம்

ஒரே படத்தை வெள்ளை டி-ஷர்ட்டில் அச்சடித்தால் பளிச்சென்று வருகிறது. அதையே கறுப்பில் கேட்டால் கட்டணம் ஏறுகிறது, நேரமும் கூடுகிறது. கையில் வந்ததைத் தடவிப் பார்த்தால் படம் இருக்கும் இடம் மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, உறையைப் பிரித்ததுமே ஒரு புளித்த வாடை வேறு. நாலு தடவை துவைத்தபின் "மங்கிப்போச்சு" என்று புகார். டிஜிட்டல் பிரிண்ட்தானே, கம்ப்யூட்டரில் இருப்பது அப்படியே இறங்க வேண்டியதுதானே, இதில் என்ன குழப்பம் என்று பலரும் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் டிஜிட்டலாக இருப்பது படமும் அதைத் தெளிக்கும் இயந்திரமும் மட்டுமே. மை ஒரு திரவம், துணி ஒரு நார்க் குவியல், இரண்டையும் ஒட்ட வைப்பது பழைய வேதியியல். மேலே சொன்ன அத்தனை புகாரும் அந்த ஒட்ட வைக்கும் இடத்தில்தான் பிறக்கிறது, அதிலும் முக்கால்வாசிக்குக் காரணம் வெள்ளை மை. ஆகவே அடிப்படையிலிருந்து வருவோம்.

டிடிஜி என்றால் 'டைரக்ட் டு கார்மென்ட்'. தைத்து முடித்த ஆடையை ஒரு பலகையில் விரித்து மாட்டி, அதன்மேல் இன்க்ஜெட் ஹெட் இங்கும் அங்கும் ஓடி மையை நேரடியாகத் தெளிப்பது. அச்சுக் கட்டை இல்லை, திரை இல்லை, இடையில் பிலிம் இல்லை. வீட்டில் காகிதம் அச்சடிக்கும் இன்க்ஜெட் பிரிண்டரின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாயம் வேறு, நிறமி வேறு

துணி என்றாலே நாம் 'சாயம்' என்கிறோம். சாயம் தண்ணீரில் கரையும், நாருக்குள் புகும், சில வகைகள் நாரோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்ளும். காட்டனுக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயம் அந்த வகை. ஆனால் அதை நிலைக்க வைக்க ஆவியில் வேக வைக்க வேண்டும், அப்புறம் ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தைக் கழுவித் தள்ள வேண்டும். தைத்த ஆடையை ஒவ்வொன்றாக அப்படிச் செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது.

அதனால் டிடிஜியில் பெரும்பாலும் பயன்படுவது நிறமி. நிறமி தண்ணீரில் கரையாத மிக நுண்ணிய துகள், அது திரவத்தில் மிதந்துகொண்டு வருகிறது. தனக்கென்று நாரைப் பிடித்துக்கொள்ளும் சக்தி அதற்குக் கிடையாது. கூடவே வரும் ஒரு பிசின், பாலியூரித்தேன் அல்லது அக்ரிலிக் வகை, சூட்டில் இறுகி நிறமியையும் நாரையும் சேர்த்துக் கட்டுகிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டிடிஜி படம் துவைக்கும்போது மங்கினால் அது 'சாயம் போவது' அல்ல. தண்ணீரில் எதுவும் கரைந்து ஓடவில்லை. பிசின் சரியாக இறுகாமல் துகள் உரிந்திருக்கிறது, அல்லது நாரே எழும்பி நின்று படத்தை மறைத்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. கீழே வருகிறேன்.

கறுப்பின்மேல் நிறம் ஏன் தெரிவதில்லை

அச்சுக்கான சியான், மெஜந்தா, மஞ்சள் மைகள் ஏறக்குறைய வண்ணக் கண்ணாடி மாதிரி. வெளிச்சம் அவற்றைக் கடந்து கீழே உள்ள பரப்பில் பட்டு, திரும்பி மீண்டும் மையைக் கடந்து கண்ணுக்கு வருகிறது. நிறத்தைச் சலிப்பது மை, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது கீழே இருக்கும் வெள்ளை. காகிதத்தில் அச்சடிக்கும்போது அந்த வெள்ளை இலவசமாகக் கிடைத்துவிடுகிறது என்பதால் நாம் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

கறுப்புத் துணி வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதன்மேல் எவ்வளவு மஞ்சள் மையைக் கொட்டினாலும் திரும்பி வர வெளிச்சம் இல்லை. சிவப்புத் துணியில் நீலம் அடித்தால் நீலம் வராது, அழுக்குக் கத்தரிப்பூ நிறம் மாதிரி ஏதோ வரும். ஆகவே முதலில் படத்தின் வடிவத்தில் ஒரு வெள்ளைப் பூச்சு, அது காய்ந்தும் காயாமலும் இருக்கும்போதே மேலே வண்ணங்கள். இந்த அடிப்பூச்சுக்கு 'அண்டர்பேஸ்' என்று பெயர். கறுப்பு டி-ஷர்ட்டின் கூடுதல் கட்டணம், நேரம், விறைப்பு எல்லாம் இதோடு சேர்ந்தே வருகிறது.

வெள்ளை மை என்னும் தலைவலி

வெள்ளை மையில் இருப்பது டைட்டானியம் டை-ஆக்ஸைடு. சுவர்ப் பெயின்டில் இருக்கும் அதே பொருள்தான். சுவரில் சமர்த்தாக இருக்கும் இது இன்க்ஜெட் ஹெட்டுக்குள் வந்ததும் படுத்தி எடுப்பதற்குக் காரணங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக வருகின்றன:

1. ஒரு பூச்சு வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்றால் அது வெளிச்சத்தை நன்றாகச் சிதறடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிக்கத் துகள் சுமார் 200 முதல் 300 நானோமீட்டர் அளவில் இருப்பது நல்லது. அதைவிடப் பொடியாக அரைத்தால் மறைக்கும் சக்தி குறைந்துவிடும்.

2. இந்தப் பொருளின் அடர்த்தி தண்ணீரைப் போல நான்கு மடங்கு. வண்ண நிறமிகள் இவ்வளவு கனமில்லை, துகளும் பொடியாகவே இருக்கலாம்.

3. திரவத்தில் துகள் எவ்வளவு வேகமாக அடியில் படியும் என்பது அதன் விட்டத்தின் இருமடியையும் அடர்த்தி வித்தியாசத்தையும் பொறுத்தது. வெள்ளைத் துகள் பெரிது, கனமும் அதிகம். ஆகவே மற்ற மைகளைவிடப் பல மடங்கு வேகமாகப் படியும்.

4. படியும் இடம் பாட்டிலின் அடி மட்டுமல்ல, குழாய், வடிகட்டி, ஹெட்டின் உள்ளறை என்று எல்லாமும். மை வெளியேறும் நாசில் துளையோ சில பத்து மைக்ரோமீட்டர் அகலம். அதில் படிந்து உலர்ந்தால் அடைப்புதான்.

5. அடைப்பைத் தவிர்க்க மையைச் சுற்றிக்கொண்டே இருக்க வைக்க வேண்டும், பாட்டிலைக் குலுக்க வேண்டும், ஹெட்டை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுத்தத்திலும் கொஞ்சம் மை கழிவாகப் போகிறது.

வெள்ளையாக இருக்கத் தேவையான அதே குணம்தான் அதைப் படிய வைக்கிறது, இதில் தப்பிக்க வழி இல்லை. அதனால்தான் டிடிஜி இயந்திரத்தைச் சும்மா நிறுத்தி வைப்பதைவிட ஓட்டிக்கொண்டே இருப்பது நல்லது என்பார்கள். வாரத்துக்கு ஒரு ஆர்டர் வருகிற இடத்தில் இயந்திரம் அச்சடித்ததைவிடச் சுத்தம் செய்துகொண்டது அதிகமாக இருக்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பீசோ வகை ஹெட்டில் மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு சிறு படிகம் வளைந்து மையைத் துளியாக உந்துகிறது. துளி சில பிகோலிட்டர்தான், ஒரு பிகோலிட்டர் என்றால் லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இப்படி உந்த மை நீர்த்தே இருக்க வேண்டும். திரை வழியே மையை இழுத்துப் பூசும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை பசை மாதிரி கெட்டி, ஒரு இழுப்பில் கனமான வெள்ளை படிந்துவிடும். டிடிஜி வெள்ளை மை தண்ணீராக இருப்பதால் அதே மறைப்புக்கு நிறையத் தெளிக்க வேண்டும். நிறையத் தெளித்தால் நிறையத் தண்ணீர். அந்தத் தண்ணீர் துணிக்குள் இறங்கிவிட்டால் வெள்ளையும் கூடவே இறங்கிப்போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு கறைதான் மிஞ்சும். இதைத் தடுக்க வேண்டியிருக்கிறதே, அங்கேதான் அடுத்தது வருகிறது.

ப்ரீட்ரீட்மென்ட்: யாரும் காட்டாத படி

அடர்நிற ஆடையில் அச்சடிக்கும் முன்பு அந்த இடத்தில் ஒரு திரவம் தெளிக்கப்படுகிறது. அதில் பொதுவாக இருப்பது கால்சியம் உப்பு மாதிரி ஏதாவது ஒரு உப்பு, கொஞ்சம் பிசின், மிச்சம் தண்ணீர். இந்த உப்பு என்ன செய்கிறது?

கலங்கிய தண்ணீரில் படிகாரம் போட்டால் மண் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டு தண்ணீர் தெளிவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் ஏறக்குறைய அதே கதை. மைத் துகள்கள் பெரும்பாலும் எதிர் மின்சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. இரட்டை நேர் மின்சுமை கொண்ட கால்சியம் அயனி குறுக்கே வந்ததும் அந்தத் தள்ளுதல் குலைகிறது, துகள்கள் பட்ட இடத்திலேயே திரண்டு நின்றுவிடுகின்றன. தண்ணீர் கீழே இறங்கும், வெள்ளை மேலே தங்கும்.

தெளித்த பிறகு ஹீட் பிரஸ்ஸில் அழுத்தி உலர்த்துவார்கள். அது உலர்த்த மட்டுமல்ல, எழும்பி நிற்கும் நார்களைப் படுக்க வைக்கவும்தான். நார் நின்றுகொண்டிருந்தால் வெள்ளைப் பூச்சு நடுவே கறுப்பு முடி மாதிரி நீட்டிக்கொண்டு தெரியும். (சில தொழிற்சாலை இயந்திரங்களில் இந்தத் திரவமும் இயந்திரத்துக்குள்ளேயே தெளிக்கப்பட்டு, ஈரத்தின்மேலேயே மை விழும். அங்கே உலர்த்தும் படி இல்லை.)

அளவு முக்கியம். குறைந்தால் வெள்ளை உள்ளே இறங்கித் திட்டுத்திட்டாக வரும். கூடினால் துணி முரடாகும், மை நாரைப் பிடிக்காமல் உப்புப் படிவின்மேல் உட்காரும், துவைத்ததும் அந்தப் படிவு கரைய, மையும் வெடித்து உதிரும். ஒவ்வொரு துணிக்கும் சரியான அளவு வேறு, கனமான துணி அதிகம் குடிக்கும். இதற்கு என்று ஒரு பொத்தான் கிடையாது, அடித்துப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் பிடிபடும். நல்ல டிடிஜி வேலைக்கும் சுமாரான வேலைக்கும் உள்ள வித்தியாசத்தில் இயந்திரத்தின் பிராண்டைவிட இந்தப் படிக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

அந்தப் புளித்த வாடையும், படத்தைச் சுற்றிச் சதுரமாகத் தெரியும் லேசான கறையும் இதிலிருந்து வருபவைதான். பெரும்பாலும் முதல் துவைப்பில் போய்விடும். போகவில்லை, அந்தச் சதுரத்தில் துணியின் நிறமே மாறியிருக்கிறது என்றால், அந்த ஆடையின் சாயத்தை அந்தத் திரவமோ பிரஸ்ஸின் சூடோ பாதித்திருக்கிறது என்று அர்த்தம். அது அச்சடிப்பவர் முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டிய விஷயம்.

சூடு: 160 என்று காட்டினால் 160 ஆகிவிடாது

அச்சடித்த ஆடை கடைசியாக ஹீட் பிரஸ்ஸிலோ சூட்டுக் காற்று ஓடும் டிரையரிலோ போகிறது. இதற்குப் பெயர் க்யூரிங். பல மைகளுக்கு 160 டிகிரி செல்சியஸை ஒட்டி, ஒன்றரை நிமிடத்திலிருந்து சில நிமிடங்கள் வரை. சரியான எண் மைக்கு மை மாறும், தயாரிப்பாளர் சொல்வதே கணக்கு.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஈரம் இருக்கும்வரை கொடுக்கிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், மைப் படலத்தின் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் போன பிறகுதான் மேலே ஏறும், பிசின் இறுகும். வெள்ளையும் வண்ணமும் சேர்ந்த கறுப்பு டி-ஷர்ட்டில் தண்ணீர் அதிகம், தடித்த ஹூடியில் துணியே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மெல்லிய வெள்ளை டி-ஷர்ட்டுக்கு வைத்த அதே நேரத்தை இவற்றுக்கும் வைத்தால் பிரஸ் பலகை 160 காட்டும், மையோ பாதிதான் இறுகியிருக்கும். வெளியே எடுக்கும்போது பார்க்க அருமையாகவே இருக்கும், துவைத்தால்தான் வண்டவாளம் தெரியும். 'முதல் துவைப்பிலேயே படம் உரிந்துவிட்டது' என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

காட்டன், பாலியஸ்டர், கலப்பு

காட்டன் தண்ணீரை இழுக்கும், அதன் பரப்பும் முரடு, பிசின் பற்றிக்கொள்ள நிறைய இடம். காட்டனிலும் சீவிய, ரிங் ஸ்பன் நூலில் பின்னிய துணி வழவழப்பாக இருக்கும், அதில் படம் கூர்மையாக வரும். மலிவான ஓப்பன் எண்ட் நூலில் நார் நீட்டிக்கொண்டு நிற்கும், அதே படம் அதில் மங்கலாகத் தெரியும்.

பாலியஸ்டர் தண்ணீரை அவ்வளவாக இழுப்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் அதன் சாயம். பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் சூட்டில் ஆவியாகி நகரக்கூடியது. சிவப்பு பாலியஸ்டரில் வெள்ளை எழுத்து அடித்து 160 டிகிரியில் க்யூர் செய்தால், சிவப்புச் சாயம் கிளம்பி வெள்ளைக்குள் ஏறி எழுத்து இளஞ்சிவப்பாகிவிடும். சில நேரம் உடனே தெரியாது, நாள் கழித்துத் தெரியும், அதற்குள் ஆடை வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயிருக்கும். பாலியஸ்டருக்கென்று தனித் திரவங்களும் குறைந்த சூட்டில் இறுகும் மைகளும் வந்துவிட்டன என்றாலும் காட்டன் அளவுக்கு நிம்மதி இல்லை.

பாதிக்குப் பாதி கலப்புத் துணியில் படம் கொஞ்சம் பழசானது போல, தூவலாகத் தெரியும். சிலருக்கு அந்தத் தோற்றமே பிடிக்கும். அது வேறு விஷயம்.

இது எப்போது வந்தது

அமெரிக்காவில் மேத்யூ ரோம் என்பவர் 1996ல் விண்ணப்பித்து 2000ல் பெற்ற காப்புரிமை இந்த முறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. இஸ்ரேலின் கோர்னிட் நிறுவனம் 2002ல் தொடங்கியது, பெரிய உற்பத்திக்கான இயந்திரங்கள் அதன் பக்கம். ப்ரதர் நிறுவனத்தின் ஜிடி-541 2005ல் வந்தது. அதில் வெள்ளை மை கிடையாது, வெளிர் ஆடைகளுக்கு மட்டும். அந்தக் காலத்தில் பலர் எப்சன் மேசை பிரிண்டரைப் பிரித்து மாற்றிக் கட்டி டி-ஷர்ட் அச்சடித்தார்கள், அப்புறம் 2013ல் எப்சனே ஆடைக்கென்று எஃப்2000 இயந்திரத்தை இறக்கியது. வண்ணம் முதலில், வெள்ளை பிறகு என்ற இந்த வரிசையே, எது கடினமான பகுதி என்பதைக் காட்டிவிடுகிறது.

மற்ற முறைகளோடு வைத்துப் பார்த்தால்

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு திரை. ஆறு வண்ணம் என்றால் ஆறு திரை தயாரித்து, ஒன்றோடொன்று பொருந்தும்படி மாட்ட வேண்டும். ஒரு சட்டைக்கும் அதே வேலை, ஆயிரம் சட்டைக்கும் அதே வேலை. ஆகவே எண்ணிக்கை ஏற ஏற ஒன்றின் அடக்க விலை சரிகிறது. டிடிஜியில் அந்த முன்வேலை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஐந்நூறாவது சட்டைக்கும் முதல் சட்டைக்கு ஆன அதே மை, அதே நிமிடங்கள். புகைப்படம் மாதிரி பல வண்ணப் படம், ஒன்றிரண்டு பிரதிகள் என்றால் டிடிஜி. ஒரே வண்ண எழுத்து, நூற்றுக்கணக்கில் என்றால் ஸ்கிரீன். நடுவில் எங்கே கோடு விழும் என்பது வண்ண எண்ணிக்கையையும் துணி நிறத்தையும் பொறுத்து நகரும்.

இப்போது நிஜமான குழப்பம் டிடிஎஃப்பால், அதாவது 'டைரக்ட் டு பிலிம்' முறையால் வருகிறது. பெயர் ஒரே எழுத்துதான் வித்தியாசம். இதில் மையை ஒரு பிலிமில் அச்சடித்து, மேலே உருகும் பசைத் தூளைத் தூவி, உருக்கி, அப்புறம் துணியில் சூடாக அழுத்தி ஒட்டுகிறார்கள். ப்ரீட்ரீட்மென்ட் தேவையில்லை, காட்டன், பாலியஸ்டர், நைலான் எதிலும் ஒட்டும், கறுப்பிலும் வெள்ளை அழுத்தமாக நிற்கும். இதற்குப் பதிலாக நாம் இழப்பது என்னவென்றால், துணியின்மேல் ஒரு தனிப் படலம் வந்துவிடும், பெரிய படமாக இருந்தால் நெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டினாற்போல் காற்றுப் போகாது.

டிடிஜி என்று வாங்கியது டிடிஎஃப்பா என்று பார்க்க வேண்டுமா? துணியை லேசாக இழுத்துப் பாருங்கள். டிடிஜியில் பின்னல் கண்கள் விலகி இடையில் துணி தெரியும், டிடிஎஃப்பில் படலம் ஒரே தாளாக நீளும். விளிம்பை நகத்தால் வருடினால் டிடிஎஃப்பில் ஒரு படி தட்டுப்படும். டிடிஎஃப் மட்டம் என்று சொல்ல வரவில்லை, சிறிய லோகோவுக்கு அதுவே பல நேரம் நல்ல தேர்வு. ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கொடுப்பதுதான் தவறு.

சப்ளிமேஷன் முறை வெளிர் பாலியஸ்டருக்கு மட்டும். அதில் சாயம் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஆவியாகி நாருக்குள்ளேயே போய்விடும், தொட்டால் எதுவும் தெரியாது. மேலே பாலியஸ்டரில் தொல்லை கொடுத்த அதே குணம் இங்கே உதவியாகிறது. வெள்ளை மை என்பதே இதில் இல்லை, எனவே கறுப்பில் வாய்ப்பில்லை.

படக் கோப்பில் தோற்பவர்கள்

இயந்திரம், மை எல்லாம் சரியாக இருந்தும் வாடிக்கையாளர் அனுப்பிய படத்தால் வேலை கெடுவது உண்டு. ஆர்டர் செய்பவர் கையில் இருக்கும் ஒரே கட்டுப்பாடு இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே:

1. அளவு. அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது வழக்கமான இலக்கு. 30 க்கு 40 சென்டிமீட்டர் படம் என்றால் சுமார் 3543 க்கு 4724 பிக்சல். சமூக ஊடகத்திலிருந்து எடுத்த 1080 பிக்சல் அகலப் படத்தை 30 சென்டிமீட்டருக்கு விரித்தால் அங்குலத்துக்கு 91 புள்ளிதான் வரும், முகம் கூழாகத் தெரியும். மென்பொருளில் பெரிதாக்கினால் பிக்சல் எண்ணிக்கை கூடும், விவரம் கூடாது.

2. பின்னணி. ஜேபெக் கோப்பில் வெளிப்படையான பகுதி என்று ஒன்று கிடையாது. லோகோவைச் சுற்றி உள்ள வெள்ளை, கறுப்புச் சட்டையில் வெள்ளைப் பெட்டியாகவே அச்சாகும். பின்னணி நீக்கிய பிஎன்ஜி வேண்டும்.

3. மங்கும் ஓரங்கள். திரையில் ஒளிவட்டம், நிழல், புகை எல்லாம் அரை வெளிப்படையான பிக்சல்கள். துணியில் அரை வெளிப்படையான வெள்ளை மை என்று ஒன்று இல்லை, துளி விழும் அல்லது விழாது. ஒளிவட்டம் இருந்த இடத்தில் வெள்ளைத் தூவல் தெரியும். அடர் நிறத்துக்கு வடிவமைக்கும்போது ஓரம் கூர்மையாக முடிவதே நல்லது, அல்லது மங்கலைப் புள்ளிகளாக மாற்றிக் கொடுக்க வேண்டும்.

4. மெல்லிய கோடுகள். வண்ணத்துக்கு வெளியே வெள்ளை எட்டிப் பார்க்காமல் இருக்க, இயந்திரத்தை இயக்கும் 'ரிப்' மென்பொருள் அடிப்பூச்சை ஓரத்தில் ஓரிரு பிக்சல் சுருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கோட்டில் இப்படி இரண்டு பக்கமும் சுருக்கினால் அடியில் வெள்ளையே மிஞ்சாமல் போகலாம்.

5. நிறம். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, மை வெளிச்சத்தைக் கழித்துக் காட்டுகிறது. நியான் பச்சை, மின்னும் நீலம் போன்றவை சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மைகளின் எல்லைக்கு வெளியே இருப்பவை. பளீர் நீலம் ஊதாப் பக்கம் சாய்வது அடிக்கடி நடக்கும். அச்சடிப்பவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கறுப்புச் சட்டையில் படத்தின் கறுப்புப் பகுதிகளை அச்சடிக்காமலே விட்டுவிடலாம், துணியின் நிறமே அங்கே மையாகிவிடும். மை மிச்சம், விறைப்பும் குறையும். நல்ல வடிவமைப்பாளர்கள் இதை மனதில் வைத்தே வரைவார்கள்.

துவைத்தால் மங்குவது எதனால்

மேலே பாக்கி வைத்த விஷயம் இது. க்யூரிங் குறைபாட்டால் உரிவது ஒரு வகை. அது சீக்கிரமே, திட்டுத்திட்டாக நடக்கும். இன்னொன்று மெதுவாக, படம் முழுக்க ஒரே சீராக வெளிறுவது. இதில் பெரும்பங்கு உராய்வுக்கு. துவைக்கும்போது துணி துணியோடு உரச உரச நுனி நார்கள் எழும்புகின்றன. அச்சான நார்களுக்கு நடுவே கீழிருந்து அச்சாகாத கறுப்பு நார்கள் மேலே வருகின்றன. மை அங்கேயே இருக்கிறது, மேலே ஒரு மெல்லிய கறுப்புப் பஞ்சு படர்ந்திருப்பதால் மங்கலாகத் தெரிகிறது. படத்தின்மேல் வழவழப்பான காகிதத் தாள் வைத்து அழுத்தித் தேய்த்தால் நிறம் ஓரளவு திரும்பி வருகிறதா? அப்படியென்றால் காரணம் நார்தான், மை அல்ல.

ஆகவே உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், ஜீன்ஸ் மாதிரி முரட்டுத் துணிகளோடு சேர்க்காமல் துவைக்கச் சொல்வது சம்பிரதாயம் அல்ல, உராய்வைக் குறைக்கத்தான். குளோரின் ப்ளீச் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியை நேராகப் படத்தில் வைக்க வேண்டாம்.

'ஐம்பது துவைப்பு தாங்கும்' போன்ற வாக்குறுதியைக் கேட்டால், எந்தச் சோதனைப்படி என்று கேளுங்கள். துவைப்புக்கு ஐஎஸ்ஓ 105-சி06, உராய்வுக்கு ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 என்று தரமான சோதனைகள் இருக்கின்றன, நிறம் நிலைப்பதை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுவார்கள், ஐந்து சிறந்தது. எண் சொல்ல முடியாதவர் சொல்லும் ஐம்பது வெறும் பேச்சு.

சுற்றுச்சூழல் பெருமை எவ்வளவு நிஜம்

பாதி நிஜம். மை தண்ணீர் அடிப்படையிலானது, அச்சடித்த பிறகு கழுவித் தள்ள எதுவும் இல்லை, ஆர்டர் வந்த பிறகே அச்சடிப்பதால் விற்காத சரக்கு தேங்காது. கடைசியில் சொன்னதுதான் பெரிய நன்மை. மறுபக்கம், ஹெட் சுத்தம் செய்த கழிவு மை, இரண்டு முறை சூடு காட்டும் மின்சாரம், கோடு விழுந்து வீணான சட்டைகள். டிடிஜியில் தப்பாக அச்சானதை அழிக்க வழியில்லை, மையோடு சேர்ந்து முழு ஆடையும் போச்சு. அந்தக் கணக்கு விளம்பரத்தில் வருவதில்லை.

ஆர்டர் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. இது டிடிஜியா, டிடிஎஃப்பா? நேரடியாகப் பதில் வர வேண்டும்.

2. துணி முழு காட்டனா, கலப்பா? கலப்பு என்றால் அதே துணியில் ஏற்கனவே அடித்த மாதிரியைக் காட்ட முடியுமா?

3. அடர் நிறத்துக்கு நீங்களே ப்ரீட்ரீட் செய்கிறீர்களா, செய்தே வாங்குகிறீர்களா? இரண்டும் சரிதான், ஆனால் இந்தக் கேள்விக்கு விழிக்கிறவரிடம் கறுப்புச் சட்டை கொடுக்க யோசிக்கலாம்.

4. பத்துக்கு மேல் வேண்டும் என்றால் முதலில் ஒன்றை மட்டும் அடித்து வாங்கி மூன்று தடவை துவைத்துப் பாருங்கள். ஒன்றே ஒன்று அடிக்க முடிவதுதானே இந்த முறையின் வசதி. மூன்றாவது துவைப்பில் உரியவில்லை என்றால் க்யூரிங் சரியாக இருக்கிறது, மிச்சத்துக்கு ஆர்டர் போடலாம்.